பேனுக்கு வயல் மருந்து வேண்டாம்



நெல்லுக்குத் தண்டு துளைப்பான், வாழைக்குக் கூன்வண்டு, பருத்திக்குக் காய்ப்புழு என்று பூச்சிகளைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு நான் சொல்லப் போகிற பூச்சி வயலில் இல்லை. நம்ம வீட்டுப் பிள்ளைகள் தலையில் இருக்கிறது. பேனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். "பேனைப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்று சிரிக்க வேண்டாம். சிரிக்க முடியாத ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொற்கைப் பக்கம் ஒருநாள் போயிருந்தேன். ஏரலுக்கு அருகே தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையுமாக இருக்கிற ஊர். பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர் போன துறைமுகம். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் கிழக்கே சில கிலோமீட்டர் ஒதுங்கிப் போய், இப்போது முழு விவசாய ஊராகிவிட்டது. வெயில் தாழ்ந்த நேரம். ஒரு வீட்டுத் திண்ணையில் ஆச்சி ஒருவர் பேத்திக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, ஆடாம உக்காருட்டி" என்று பிள்ளையின் தலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்கிறார். அருமையான வேலை. அந்த நேரத்தில் பிள்ளையின் தாயார் உள்ளேயிருந்து ஒரு பாட்டில் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மூடியில் இருந்ததன் வாடை எனக்குத் தெரிந்த வாடை.

"என்னம்மா அது?" என்று கேட்டேன்.

"நெல்லுக்கு அடிச்ச மருந்துங்க ஐயா. மிச்சம் கெடந்துச்சு. எண்ணெயில நாலு சொட்டு விட்டுத் தேச்சி, துணியக் கட்டி விட்டா ஒரே ராத்திரியில அம்புட்டும் செத்துரும்னு சொன்னாங்க. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கு."

நல்ல வேளை, அன்றைக்குத் தேய்க்கவில்லை. மூடியை வாங்கி வைத்துவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. "பூச்சி மருந்து பூச்சியைக் கொல்லத்தானே இருக்கு? பேனும் பூச்சிதானே?" என்று கேட்டார். அதற்கான பதில்தான் இந்தப் பேச்சு.

மாலத்தியான் என்ற மருந்து உங்களுக்குத் தெரியும். இதே மாலத்தியானைச் சில நாடுகளில் தலைப் பேனுக்கும் மருந்தாகக் கொடுக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் தலைக்கென்று தயாரிப்பதில் மருந்து அரை சதவீதம். வயலுக்கு வருகிற பாட்டிலில் 50 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு மடங்கு. அதோடு போகவில்லை. வயல் மருந்து தண்ணீரில் கரைவதற்காகவும் இலையில் ஒட்டுவதற்காகவும் அதில் வேறு கரைப்பான்களும் சேர்மானங்களும் கலந்திருக்கும். அவை மனிதத் தோலில் படுவதற்காகக் கலந்தவை அல்ல. இன்னொன்றும் கவனியுங்கள். பிள்ளைக்கு எத்தனை சொட்டு என்று யார் அளந்தது? ஏக்கருக்கு இத்தனை மில்லி என்று லேபிளில் போட்டிருக்கிறது. பிள்ளையின் தலைக்கு இத்தனை என்று எந்த லேபிளிலும் கிடையாது.

நம் தோலிலேயே இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. முன்கைத் தோல் உறிஞ்சுவதைப் போல மூன்று, நான்கு மடங்கு இந்த மருந்தை உச்சந்தலைத் தோல் உறிஞ்சிக்கொள்ளும். பேன் கடித்துச் சொறிந்து புண்ணான தலை என்றால் இன்னும் வேகமாக உள்ளே போகும். துணியைக் கட்டி ராத்திரி முழுக்க வைத்தால் கேட்கவே வேண்டாம். மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் பூச்சியின் நரம்பை எப்படித் தாக்குகின்றனவோ அதே மாதிரிதான் நம் நரம்பையும் தாக்குகின்றன. பூச்சிக்கு ஒரு நரம்பு, மனுசனுக்கு ஒரு நரம்பு என்று அந்த மருந்துக்குத் தெரியாது. இப்படித் தலையில் தேய்த்துப் பிள்ளைகள் உயிருக்குப் போராடிய கதைகளை நம் நாட்டு டாக்டர்களும் வெளிநாட்டு டாக்டர்களும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

தப்பித் தவறி யாராவது தேய்த்துவிட்டால் என்ன செய்வது? வாயில் எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், கண்ணின் பாப்பா ஊசிமுனை போலச் சுருங்கும், தசைகள் துடிக்கும், மூச்சு இரைக்கும். இவை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தேய்த்தது தெரிந்த உடனே பிள்ளையின் உடுப்பைக் கழற்றிவிட்டு, தலையையும் உடம்பையும் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தண்ணீர் கண்ணுக்குள் வழியாதபடி தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளட்டும். 108-க்குப் போன் பண்ணுங்கள். மருந்துப் பாட்டிலையும் கூடவே எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்கான மாற்று மருந்தைக் கொடுக்க முடியும்.

வயல் மருந்தைத் தலையில் தேய்க்கிற பழக்கம் நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-44 குளிர்காலத்தில், இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்தில் பேனால் பரவும் டைபஸ் காய்ச்சல் வந்தது. ஜனங்களை வரிசையில் நிறுத்தி, சட்டைக்குள் டி.டி.டி. பொடியைத் தூவிக் காய்ச்சலை அடக்கினார்கள். உலகமே அதிசயப்பட்டது. ஆனால் 1950-51-இல் கொரியாவில் அதே பொடியைத் தூவியபோது பேன் சாகவில்லை, மருந்துக்குப் பழகிவிட்டது. அங்கே தூவியது உடம்புப் பேனுக்கு. அது துணித் தையலுக்குள் குடியிருந்து காய்ச்சலைப் பரப்புகிற வேறு வகை. நம் பிள்ளைகள் தலையில் இருக்கிற பேன் அந்தக் காய்ச்சலைப் பரப்புவதில்லை. ஆனாலும் டி.டி.டி.யும், பி.எச்.சி. பொடியும் நம் ஊரிலும் தலைக்கு வந்து சேர்ந்தன. டி.டி.டி.யை விவசாயத்துக்குப் பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது. பி.எச்.சி. 1997-இல் நின்றது. பொடி நின்றது; பழக்கம் மட்டும் நிற்கவில்லை, பாட்டிலுக்கு மாறிக்கொண்டது.

சரி, மருந்து வேண்டாம் என்றால் பேன் எப்படிப் போகும்? ஒரு பூச்சியை ஒழிக்க வேண்டுமென்றால் அது எப்போது முட்டை இடுகிறது, எப்போது பொரிக்கிறது என்று தெரிய வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்துப்பூச்சி எப்போது, புழு எப்போது என்று பார்த்துத்தானே வயலில் இறங்குகிறீர்கள்? அதே கணக்குதான் இங்கேயும்.

தாய்ப்பேன் எள்ளளவு இருக்கும். ஆறு கால், ஒவ்வொரு காலிலும் முடியைக் கவ்விப் பிடிக்கக் கொக்கி மாதிரி நகம். இறக்கை கிடையாது. பறக்காது, தாவாது, நடக்கத்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முட்டை வரை இடும். அதைத்தான் ஈர் என்கிறோம். உச்சந்தலைச் சூடு வேண்டும் என்பதால் தோலை ஒட்டி, முடியின் அடியிலேயே ஈரை வைத்துப் பசை போட்டு ஒட்டிவிடும். ஏழு நாள் முதல் பத்து நாளுக்குள் ஈர் பொரித்துக் குஞ்சு வரும். குஞ்சு வளர்ந்து, முட்டை இடுகிற பேனாவதற்கு இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். தலையில் இருந்தால் ஒரு மாதம் வாழும். தலையை விட்டுக் கீழே விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். மனித ரத்தம் இல்லாமல் அதற்கு வேறு ஆகாரம் கிடையாது. ஆடு மாடு, நாய், கோழியிலிருந்து தலைப் பேன் வருவதில்லை. கோழிப்பேன் வேறு சாதி, அது நம் தலையில் குடியேறாது.

இந்த இரண்டு எண்களை மனசில் வையுங்கள். ஈர் பொரிக்கப் பத்து நாள் வரை. குஞ்சு முட்டை இடக் குறைந்தது ஒன்பது நாள். இன்றைக்குத் தலையில் இருக்கிற பேன் அத்தனையையும் எடுத்துவிட்டாலும், ஒட்டியிருக்கிற ஈர் நாளைக்கும் மறுநாளும் பொரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரே நாளில் பேனை ஒழிக்கிற மருந்து, மந்திரம் எதுவும் கிடையாது. "ஒரே ராத்திரியில்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் பொரிக்கிற குஞ்சை, அது முட்டை இடுமுன் எடுத்துக்கொண்டே வந்தால் இரண்டரை வாரத்தில் தலை சுத்தமாகிவிடும். களை பூக்குமுன் பறிக்கிறோமே, அதே மாதிரி.

பறிக்கிற கருவி பேன் சீப்பு. ஈர்கொல்லி, ஈர்வாங்கி என்று ஊருக்கு ஒரு பெயர். பல் நெருக்கமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மரமோ, பிளாஸ்டிக்கோ, உலோகமோ எதுவானாலும் சரி. உலோகப் பல் வளையாததால் இன்னும் நல்லது. இது ஏதோ நேற்று வந்த சாமான் அல்ல. இஸ்ரேல் நாட்டில் லாக்கீசு என்ற பழைய ஊரைத் தோண்டியபோது யானைத் தந்தத்தில் செய்த பேன் சீப்பு ஒன்று கிடைத்தது. அதில் கீறியிருந்த எழுத்துகளை 2022-இல் படித்துச் சொன்னார்கள். தலையிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தத் தந்தம் வேரோடு எடுக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற வாசகமாம். சுமார் 3700 வருஷத்துக்கு முந்தியது என்கிறார்கள். அந்தக் காலத்துப் பணக்காரருக்கும் பேன் இருந்திருக்கிறது பாருங்கள். நம் கீழடியிலும் தந்தச் சீப்பு கிடைத்திருக்கிறது. அது பேனுக்கா, அலங்காரத்துக்கா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நம் முன்னோர் தலை வாருவதற்குச் சோம்பல் படவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இனி வாருகிற முறை. நம் வீடுகளில் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி எண்ணெய் முழுக்கு. ஆண்களுக்குப் புதன், சனி. இது பேனை ஒழிக்கக் கச்சிதமாகப் பொருந்துகிற கணக்கு. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மூன்று நாள், வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நாலு நாள். புதிதாகப் பொரித்த குஞ்சு எதுவும் முட்டை இடுமளவு வளர்வதற்குள் இரண்டு தடவையாவது சீப்புக்குள் வந்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்குங்கள். செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி, செவ்வாய் என்று ஐந்து முழுக்கு. ஆறாவதாக வருகிற வெள்ளிக்கிழமை வாரிப் பார்த்து, ஓடுகிற பேன் ஒன்றுகூட இல்லையென்றால் வேலை முடிந்தது. ஒன்று கிடைத்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். நடுவில் ஒரு முழுக்கைத் தவற விட்டாலும் அதே கதைதான். "இந்த வெள்ளி கல்யாணம், அடுத்த செவ்வாய் பார்ப்போம்" என்றால் பேன் காத்திருக்காது.

தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தாராளமாக, முடி முழுக்க நனையும்படி வையுங்கள். எண்ணெயில் பேனின் ஓட்டம் தளரும், முடி வழுக்கும், சீப்பு சிக்காமல் இறங்கும். எண்ணெய் ஒன்றே பேனை முழுசாகக் கொன்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். ஈரை அது ஒன்றும் செய்யாது. எண்ணெயின் வேலை சீப்புக்கு வழி விடுவது. முதலில் பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்துவிடுங்கள். பிறகு தலையை நாலு பாத்தி பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்தியிலும் விரல் கனத்துக்கு முடியை எடுத்து, பேன் சீப்பின் பல் தோலில் உரசும்படி வைத்து, அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். என்ன வந்தது என்று கண்ணுக்குத் தெரியும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இரண்டு மடங்கு நேரம் செலவழியுங்கள், அங்கேதான் கூட்டம். நீளமான முடிக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் பிள்ளைக்கு வலிக்கும், பிள்ளை அடுத்த முறை ஓடிவிடும். கதை சொல்லிக்கொண்டே வாருங்கள். வாரியதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பிறகு சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிவிடலாம். சீப்பைக் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுங்கள். பிளாஸ்டிக் சீப்பானால் கை பொறுக்காத சூடு போதும்.

ஈரைப் பற்றி ஒரு விஷயம். வெயிலில் முத்து மாதிரி மின்னுகிற வெள்ளை ஈரைப் பார்த்ததும் பதற வேண்டாம். பொரித்துக் குஞ்சு வெளியேறிய வெறும் கூடுதான் அப்படி வெள்ளையாக மின்னும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே தோலிலிருந்து விரல் அகலம் தள்ளி இருக்கிற ஈர் பெரும்பாலும் பழைய கூடு. தோலை ஒட்டிப் பழுப்பாக இருப்பதுதான் உயிர் ஈர். அதை நகத்தால் கிள்ளி இழுங்கள், முடிந்த மட்டும். பொடுகு ஊதினால் பறக்கும், ஈர் பறக்காது, வித்தியாசம் அதுதான்.

வாருவதற்கு நேரமே இல்லை, அறுவடைக் காலம் என்கிறவர்களுக்கு மருந்துக் கடையில் தலைக்கென்றே தயாரித்த மருந்து இருக்கிறது. பெர்மெத்ரின் ஒரு சதவீத லோஷன். கவனியுங்கள், ஒரு சதவீதம். வயலுக்கு வருகிற சைபர்மெத்ரின் அதன் பங்காளிதான், ஆனால் அது 10 சதவீதம், 25 சதவீதம் என்று வருகிறது. "ரெண்டும் ஒண்ணுதானே" என்று வயல் பாட்டிலைத் திறக்காதீர்கள். லோஷனைத் தேய்க்கிற அன்றைக்குத் தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. அலசி, துண்டால் துவட்டிய ஈரத் தலையில், அடிமுடி நனையத் தேய்த்துப் பத்து நிமிஷம் வைத்து வெறும் தண்ணீரில் அலச வேண்டும். கண்ணில் படக் கூடாது. அடுத்த இரண்டு நாள் ஷாம்பு, சீயக்காய் வேண்டாம். ஒன்பது நாள் கழித்து மறுபடி ஒரு தடவை. செவ்வாய் தேய்த்தால் அடுத்த வாரம் வியாழன். இந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் தடவையில் ஈர் முழுசாகச் சாவதில்லை என்பதற்காகத்தான் இரண்டாவது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு இந்த லோஷன் கூடாது, சீப்பு மட்டும் போதும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தேய்க்கட்டும்.

லோஷன் தேய்த்தும் பேன் சாகவில்லையென்றால் வாரத்துக்கு மூன்று தடவை தேய்த்து மல்லுக்கட்டாதீர்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் பக்கம் பருத்தி போட்டவர்களுக்கு இது புரியும். 1987-88-இல் ஆந்திராவில் பச்சைக் காய்ப்புழு இந்தப் பைரித்ராய்டு வகை மருந்துக்குப் பழகிப்போய், எத்தனை தடவை அடித்தும் சாகாமல் பருத்தியைத் தின்று தீர்த்தது. பல நாடுகளில் பேனும் அதே வகை மருந்துக்குப் பழகிவிட்டது. அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைப் பாருங்கள். வேறு வகை லோஷனோ, ஐவர்மெக்டின் மாத்திரையோ, பிள்ளையின் எடையைப் பார்த்து அவர் எழுதித் தருவார். ஆட்டுக்கு மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டினைப் பிள்ளைக்குக் கொடுப்பதும் வயல் மருந்து தேய்ப்பதும் ஒரே தப்புதான். சீப்போ, எந்த மருந்துக்கும் பேன் பழகாத கருவி. அதனால்தான் எனக்குச் சீப்பின் மேல் இவ்வளவு பிரியம்.

வீட்டு வைத்தியம் என்று செய்கிற சிலவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் கூடவே கூடாது. தோல் வெந்துவிடும், அடுப்பு, விளக்குப் பக்கம் போனால் தலையே பற்றிக்கொள்ளும். சீத்தாப்பழ விதையை இடித்துத் தலையில் அப்புகிறோம், அது பேனைக் கொல்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பொடி வேர்வையோடு வழிந்தோ, அலசும்போதோ கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோலைப் புண்ணாக்கிவிடும். அன்று ராத்திரியே தாங்க முடியாத வலி, கண் சிவந்து திறக்க முடியாது, பார்வை மங்கும். இப்படி வருகிறவர்களைப் பற்றி நம் நாட்டுக் கண் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். இடிக்கிறவர் கண்ணிலும் தூள் பறந்து படும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கசக்க வேண்டாம். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் கலந்து தேய்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை, நாற்றம்தான். ஆனால் சின்னப் பிள்ளை வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெயைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது.

முடியை ஒட்ட வெட்டிவிட்டால் பேன் போகும். உண்மை. ஆனால் பத்து வயசுப் பெண்பிள்ளையை மொட்டையடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் அவள் மனசு என்ன பாடுபடும்? அதற்குப் பயந்து பள்ளிக்கூடமே போகாமல் நின்ற பிள்ளைகள் உண்டு. பேன் இருப்பது அசிங்கம் அல்ல, அழுக்கும் அல்ல. தினம் குளிக்கிற தலையிலும் ஏறும். பேனுக்கு வேண்டியது ரத்தமும் சூடும், அழுக்கு அல்ல. பேன் பார்த்ததற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்தவும் வேண்டாம். நாம் கண்டுபிடித்தபோது அது வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். முதன்முதலாகப் பேன் ஏறிய தலையில் அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அன்று சாயங்காலம் வாரத் தொடங்கிவிட்டால் மறுநாள் சடையை இறுக்கப் பின்னி அனுப்பலாம்.

பேன் எப்படிப் பரவுகிறது என்றால், தலையோடு தலை சேர்ந்துதான். பிள்ளைகள் ஒரே பாயில் படுக்கிறபோது, தலையை முட்டிக்கொண்டு புத்தகம் பார்க்கிறபோது, தாய் பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்குகிறபோது நடந்து வந்துவிடும். சீப்பு, துண்டு, சும்மாடு மூலமாக வருவது குறைவு, இருந்தாலும் சீப்பையும் சும்மாட்டையும் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை. ஆகவே ஒரு தலையை மட்டும் வாரிப் பிரயோஜனம் இல்லை. பக்கத்து வயலில் புகையான் இருக்க உங்கள் வயலில் மட்டும் அடித்தால் என்ன ஆகும்? ஆச்சி, அம்மா, அக்கா தங்கை எல்லோரும் அதே செவ்வாய்க்கிழமை உட்கார வேண்டும். ஆண்களும் தப்ப முடியாது. புதனும் சனியும் அவர்களுக்கு. பேன் பார்க்கிற ஆச்சியின் தலையை யாரும் பார்ப்பதில்லை. பல வீடுகளில் பேன் திரும்பத் திரும்ப வருவது அங்கேயிருந்துதான். முடிந்தால் பக்கத்து வீட்டிலும் பேச்சுக் கொடுத்து, ஒரே வாரத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

தொடங்குகிற அன்றைக்குத் தலையணை உறை, போர்வை, துண்டு இவற்றைக் கொதிக்கிற தண்ணீரில் நனைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் போடுங்கள். பாயை வெயிலில் உதறிப் போட்டால் போதும். வீட்டுக்குள், பாயில், தலையணையில் எந்த மருந்தும் அடிக்க வேண்டியதில்லை. தலையை விட்ட பேன் இரண்டு நாளில் தானே செத்துவிடும், அதற்காகக் காசும் வேண்டாம், விஷமும் வேண்டாம்.

தலையில் சீழ் வைத்த புண், அடை அடையாகப் பொருக்கு, பிடரியில் நெறி கட்டுதல், காய்ச்சல் இவை இருந்தால் சீப்பை எடுக்குமுன் டாக்டரிடம் காட்டுங்கள். சொறிந்த நகத்திலிருந்து கிருமி ஏறியிருக்கும், அதற்குத் தனி மருந்து வேண்டும். புண் ஆறிய பிறகு வாரலாம். பிள்ளைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அந்தக் கொற்கை வீட்டில் மிச்ச மருந்தை என்ன செய்வது என்று கேட்டார்கள். பூட்டுகிற பெட்டியில், அதனுடைய லேபிளோடு, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள் என்றேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், எண்ணெய் வைக்கிற அலமாரியிலும் வைக்காதீர்கள். காலிப் பாட்டிலைக் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள். கழுவி எண்ணெய் வாங்கக் கடைக்குக் கொண்டுபோகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஆச்சி மறுபடி பேத்தியின் தலையைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள் கெடக்கே ஐயா, இன்னிக்கே தொடங்குனா என்ன?" என்று கேட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தாராளமாகத் தொடங்கலாம் என்றேன்.